மேஜைப் பக்கத்து வலது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது கோர்ட்டு உத்தரவு. ஆறே கால் வரைக்கும் கத்திரியக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆறரைக்கு வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஏழு மணிக்குக் குழந்தையின் அப்பாவான மெக்கானிக்கின் செல்போனைக் கூப்பிட்டாள், அணைத்து வைத்திருந்தான். அதற்குமேல் பொறுக்க மாட்டாமல் அண்ணியைக் கூட்டிக்கொண்டு அவன் குடியிருந்த வாடகை அறைக்குப் போனாள். வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து பூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கட்டிலும் அரை வாளித் தண்ணீரும் இருந்தன.

"வியாழக்கிழமையே காலி பண்ணிட்டாரேம்மா. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

கத்திரியக்கா என்பது கடை வைத்த பெயர். இருபது வருஷமாகத் துணி வெட்டும் மேஜைக்கு முன்னால் கத்திரியும் கையுமாக நிற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கடை அவளுடைய அண்ணியுடையது. கீழே ஒன்பது மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு இஸ்திரி மேஜை. மாடியில் இரண்டு அறை வீடு. பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரி அங்கி, ஓட்டல் சிப்பந்திகளின் சட்டை என்று மொத்தமாக வருவதைத் தைத்துக் கொடுப்பார்கள். அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் கிடப்பார், மீதி இரண்டு மாதம் மாடியில் தூங்குவார். ஆக, வீடு என்றால் நாத்தனாரும் அண்ணியும் குழந்தையும்தான். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் பானை உடையாமல் இருந்ததைத் தெருவே ஆச்சரியமாகப் பார்த்தது. அண்ணிக்கு வாய் நீளம், கத்திரியக்காவுக்கு வாயே கிடையாது, அதனால் ஓடியது.

மெக்கானிக் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்தவன். எண்ணெய் விடுகிற சாக்கில் வாரம் மூன்று தரம் வந்தான். கெட்டிக்காரன்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். கட்டிக்கொண்டவள் சொன்னது மட்டும் அந்தக் காதில் ஏறாது. கல்யாணமான மூன்றாம் வருஷம் கை நீட்ட ஆரம்பித்தான். ஐந்தாம் வருஷம் கோர்ட்டு இருவரையும் பிரித்துவைத்தது. குழந்தை அம்மாவிடம், ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் என்று தீர்ப்பானது.

குழந்தைக்கு நாலு வயது. கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கரும்பழுப்பு மச்சத்தோடு பிறந்தாள். பார்த்த அன்றைக்கே அண்ணி, "நம்ம கடைப் பிள்ளைன்னு பட்டன் வெச்சே அனுப்பியிருக்காண்டி ஆண்டவன்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பட்டன். வெட்டு மேஜைக்கு அடியில் துண்டுத் துணிக் குவியலில்தான் வளர்ந்தாள். மெஷின்கள் ஓடினால் தூங்குவாள், நின்றால் விழித்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை காலையில் உள்ளூர் ஸ்டேஷனில், "அப்பாகூடத்தானம்மா போயிருக்கு, வந்துரும்" என்றார்கள். கோர்ட்டு உத்தரவை அண்ணி மேஜையில் தட்டிக் காட்டி, தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் ஒருவர் விமான நிலையத்துக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கே அப்பாவும் மகளும் விமானம் ஏறியிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து போவதாக இருந்த நல்ல காலத்தில் எடுத்த பாஸ்போர்ட்டு. அது அவன் பெட்டியிலேயே இருந்ததைக் கத்திரியக்கா மறந்தே போயிருந்தாள். விமானம் போய் இறங்கிய நாட்டில் அவன் தங்கவில்லை. அங்கிருந்து தரைவழியாக எந்த எல்லையைத் தாண்டினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் அவர்களை நகரத்தின் நடுவில் இருந்த பெரிய போலீஸ் ஆபீசுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மாடியில், வெளிநாட்டுப் போலீசோடு எழுத்துப் போக்குவரத்து நடத்துகிற அறை. ஒரு இன்ஸ்பெக்டரம்மா, ஒரு ரைட்டர், கூரையைத் தொடும் அலமாரிகள். இன்ஸ்பெக்டரம்மா ஐம்பதைத் தொட்டவர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதை மேஜையில் தேடுகிற ரகம்.

"மஞ்சள் நோட்டீஸ் போடுவோம்மா," என்றார். "ஆளைப் பிடிக்கிறதுக்கு சிவப்பு. காணாமப் போனவங்களைத் தேடுறதுக்கு மஞ்சள். நூத்துச் சொச்சம் நாட்டுப் போலீஸ் அதைப் பாக்கும்."

"பாத்துட்டுக் கொண்டாந்து விட்டுருவாங்களா மேடம்?"

"இல்லம்மா. அதைத்தான் முதல்லயே புரிஞ்சுக்கணும். பாத்தா சொல்லுவாங்க, அவ்வளவுதான். அந்த ஊரு போலீசை நான் போன் பண்ணி அதட்ட முடியாது. நான் எங்க தலைமை ஆபீசுக்கு எழுதணும். அவங்க அந்த நாட்டுத் தலைமை ஆபீசுக்கு எழுதுவாங்க. அங்கருந்து அந்த ஜில்லா, அங்கருந்து அந்த ஸ்டேஷன். பதில் திரும்ப அதே படியில ஏறி இறங்கி வரும். குழந்தையைத் திருப்பித் தரச் சொல்றது போலீஸ் இல்ல, கோர்ட்டு. எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தான் அங்க உங்க வக்கீல் மனு போட முடியும். ஒரு வருஷத்துக்குள்ள போட்டுட்டா பெரும்பாலும் திருப்பி அனுப்பிருவாங்க."

"வருஷம் தாண்டிட்டா?"

"குழந்தை அங்க வேர் பிடிச்சிருச்சான்னு பாப்பாங்க. அதுக்குள்ள கண்டுபிடிப்போம்மா. நீங்க ரைட்டர்கிட்ட விவரம் சொல்லுங்க."

ரைட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். உயரம், எடை, முடி, கண். உயரத்தை அவள் அங்குலக் கணக்கில் அரை அங்குலம் வரைக்கும் சொன்னாள். தோளிலிருந்து முட்டி, இடுப்புச் சுற்று, கைச் சுற்று என்று சொல்லிக்கொண்டே போனாள். "அதெல்லாம் கட்டத்துல இல்லம்மா" என்றார் அவர்.

"அங்க அடையாளம்?"

"மச்சம் சார். இங்க."

எதிரில் குழந்தை நிற்பதுபோல அவள் காற்றில் விரலை வைத்துக் காட்டினாள். ரைட்டர் நிமிரவில்லை. "வாயால சொல்லுங்க. டைப் அடிக்கணும்."

"கழுத்தெலும்புக்குக் கீழ சார். வலப்பக்கம். சட்டைப் பொத்தான் அளவு."

"போட்டோவுல தெரியலையே?"

"எல்லாம் நான் தெச்ச கவுனு சார். கழுத்து மூடித்தான் தெப்பேன்."

ரைட்டர் எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அது வெயில் காலம். கடைக்குத் தகரக் கூரை. பத்து மணிக்கெல்லாம் மெஷின்காரிகள் முந்தானையை நனைத்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இஸ்திரிப் பெட்டிப் பக்கம் போகவே யாருக்கும் மனம் வராது. கத்திரியக்கா மட்டும் வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து வெட்டினாள். இருபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, பெரிய கத்திரியை உள்ளே விட்டால் ஒரே மூச்சில் அந்தக் கடைசிக்குப் போய்விடும். கை அதுபாட்டுக்கு வேலை பார்த்தது. மேஜைக்கு அடியில் கால் மட்டும் ஒதுங்கி ஒதுங்கி நின்றது, அங்கே குழந்தை தூங்குகிற பழக்கத்தில்.

பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மூன்றாவது மாடிக்குப் போவாள். "ஒண்ணும் வரலம்மா" என்பார் இன்ஸ்பெக்டரம்மா. சில நாள் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுப்பார். திரும்பி வந்தால் அண்ணி சாப்பாட்டுத் தட்டோடு நிற்பாள்.

"ரெண்டு முட்டை வெச்சிருக்கேன், தின்னுட்டுப் போய் நில்லு."

"பசிக்கலண்ணி."

"பசிச்சாத்தான் திங்கணும்னு யாரு சொன்னா? அவன் எங்கயோ நல்லா மொக்கிக்கிட்டுத்தான் இருப்பான். நீ இங்க பட்டினி கிடந்து அவனுக்கு என்னடி நட்டம்?"

"பட்டனு என்ன தின்னுச்சோ."

அண்ணி தட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு காலர் துண்டை எடுத்து வெறுமனே நீவிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாதம் போன் வந்தது. வரச் சொன்னார்கள், விவரம் சொல்லவில்லை. இருவரும் ஓட்டமும் நடையுமாக மூன்று மாடி ஏறினார்கள். இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தில் நல்ல சேதி எதுவும் தெரியவில்லை.

"ஒரு தகவல் வந்து அங்க ஒரு வீட்டைப் போய்ப் பாத்திருக்காங்க," என்றார் அவர். "தையல் மெஷின் கம்பெனியில வேலை பாக்கிற ஒருத்தன். நம்ம பக்கத்து ஆளு மாதிரி. அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. ஆனா வேற பேரு, வேற பிறப்புச் சர்ட்டிபிகேட்டு. குழந்தையைக் கேட்டதுக்கும் அந்தப் பேரைத்தான் சொல்லியிருக்கு. அங்க அடையாளமும் பொருந்தலைன்னு ஒரு வரி எழுதியிருக்காங்க. அது உங்க குழந்தை இல்லம்மா."

"மச்சம் பாத்தாங்களா மேடம்?"

"பாத்திருக்காங்க. பொருந்தலை."

"அப்ப அது பட்டன் இல்ல," என்றாள் கத்திரியக்கா. சொல்லும்போது அவளுக்கு ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. வேறு பெயரைத் தன் பெயர் என்று சொல்கிற குழந்தை தன்னுடையதாக இல்லாமல் போனதே நல்லது என்று பட்டது. பஸ்ஸில் வரும்போது அந்த ஆறுதலும் போய்விட்டது. அண்ணியின் தோளில் தலையை வைத்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்க அழுதாள்.

மறுவாரம் ஆறாம் மாதம் பிறந்தது. பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரம், கடையில் வேலை தலைக்குமேல் கிடந்தது. அண்ணி புதிதாக ஒருத்தியை மெஷினில் உட்கார வைத்திருந்தாள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் தைத்தவள். வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் "எங்க எக்ஸ்போர்ட்ல" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் அவள் எக்ஸ்போர்ட்டம்மா ஆகிவிட்டாள்.

காலை பதினொரு மணி இருக்கும். வெளியே மழை பிடித்திருந்தது. தகரத்தில் மழை விழுந்தால் கடைக்குள் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டும். எக்ஸ்போர்ட்டம்மா தைத்து முடித்த சட்டைக் கட்டை அண்ணி பிரித்தாள், ஒன்றை உதறினாள், இன்னொன்றை உதறினாள்.

"ஏம்மா, என்ன இது! பாக்கெட்டை எல்லாம் எங்க கொண்டுபோய் உக்கார வெச்சிருக்கே?"

"கட்டுல என்ன எழுதியிருந்துச்சோ அங்கதான் வெச்சிருக்கேன்."

"கட்டுல வலப்பக்கம்னு எழுதியிருக்கு."

"வலப்பக்கம்தான் வெச்சிருக்கேன்."

"இதுவா வலப்பக்கம்? பதினெட்டு வருஷம் எதைத்தான் தெச்சியோ! இது இடப்பக்கம்."

எக்ஸ்போர்ட்டம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று அந்தச் சட்டையைப் பிடுங்கித் தன் நெஞ்சின்மேல் வைத்துக் காட்டினாள். "நல்லாப் பாருங்க. இது எனக்கு எந்தக் கைப் பக்கம்? சோறு திங்கிற கைதானே? அப்ப இது வலதா, இல்லையா?"

"அதை நீ போட்டுக்கிட்டா அப்படி. மேஜையில போட்டுப் பாரு."

"எதுக்கு மேஜையில போடணும்? மேஜையா சட்டை போட்டுக்கப் போகுது? எங்க எக்ஸ்போர்ட்ல மட்டுமில்ல, ஊரு உலகத்துல எல்லா இடத்துலயும் போட்டுக்கிறவனுக்கு எது வலதோ அதுதான் வலது. எதிர்க்க நிக்கிறவளுக்கு வலதைப் பாத்து எழுதுற கடையை இங்கதான் பாக்குறேன். இடது நெஞ்சுல வர்ற பாக்கெட்டுக்கு வலப்பக்கம்னு எழுதிவெச்சா நான் என்ன ஜோசியமா பாப்பேன்?"

அவள் சொன்னது நியாயம். அந்தக் கடையின் பழக்கம் அது. வெட்டுகிறவள் முன்னால் சட்டை மல்லாந்து கிடக்கும், அளவு கொடுக்க வந்தவரும் எதிரில் முகம் பார்த்து நிற்பார். வெட்டுகிறவளின் வலக்கைப் பக்கம் வருவதுதான் வலது. ஆரம்பத்திலிருந்து அப்படியே எழுதி, அப்படியே தைத்து, ஒரு சட்டைகூடத் தப்பாகப் போனதில்லை. எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால் தப்பே வராதல்லவா?

மெஷின்காரிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணி பதிலுக்கு ஒரு பாட்டம் விட வாயெடுத்தவள், வெட்டு மேஜைப் பக்கம் திரும்பினாள். கத்திரி துணிக்குள் பாதியில் நின்றிருந்தது. கத்திரியக்கா வெறும் காற்றில், தனக்கு எதிரே, இடுப்பு உயரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த விரலை மெல்லத் தன் பக்கம் கொண்டுவந்து, தன் கழுத்தெலும்புக்குக் கீழே முதலில் வலப்பக்கம் வைத்தாள். பிறகு இடப்பக்கம் வைத்தாள்.

"என்னடி?"

"அண்ணி," என்றாள். மழையில் அவள் குரல் கேட்கவில்லை, வாய் அசைந்ததுதான் தெரிந்தது. "நான் மேஜை வலதைச் சொல்லிட்டேன் அண்ணி."

குடைகூட எடுக்கவில்லை. நனைந்த சேலையோடு மூன்றாவது மாடியில் வந்து நின்றவளைப் பார்த்து ரைட்டர் எழுந்துவிட்டார். அவள் பேசியது இன்ஸ்பெக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பாக்கெட், மேஜை, எக்ஸ்போர்ட் என்று என்னென்னவோ சொன்னாள். பிறகு அண்ணிதான் ரைட்டரைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தி, அவர் சட்டைமேல் விரலை வைத்து, "இது எங்க கடையில வலது சார், உங்களுக்கு இடது" என்று விளக்கினாள்.

இன்ஸ்பெக்டரம்மா அலமாரியைத் திறந்தார். அந்த நாட்டிலிருந்து வந்த பதிலோடு இரண்டு பக்கம் இணைப்பு இருந்தது, அவர்கள் மொழியில். பொருந்தவில்லை என்று மேலே ஒரு வரி இருந்ததால் மொழிபெயர்ப்புக்கு அனுப்பாமல் கோப்பில் கோத்துவிட்டார்கள். அதைப் போட்டோ எடுத்து, அந்த மொழி தெரிந்த ஒரு வாத்தியாருக்கு அனுப்பிவிட்டுப் போனை மேஜையில் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் வாத்தியாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பெண் குழந்தை, வயசு சுமார் அஞ்சு. முடியை ஆம்பளைப் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கு. அடுத்து... மச்சம். கழுத்தெலும்புக்குக் கீழ, இடப்பக்கம், கருப்புங்கலந்த பழுப்பு. நோட்டீஸ்ல வலப்பக்கம்னு இருக்கிறதால பொருந்தலை. பேர் கேட்டப்ப குழந்தை தகப்பனைத் திரும்பிப் பாத்துட்டு அப்புறம் சொன்னுச்சு. விசாரிக்கப் போன ரெண்டு பேரும் பதினஞ்சு நிமிஷத்துல கிளம்பிட்டாங்க. இவ்வளவுதான் மேடம் இருக்கு."

ரைட்டர் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார். "உங்க வலதா, அவ வலதான்னு கேட்டிருக்கணும். இருபத்தாறு வருஷமா இந்தக் கட்டத்தை நிரப்பிக்கிட்டு இருக்கேன்."

"இப்பவே சொல்லுங்க மேடம். இப்பவே போன் பண்ணுங்க. அங்கதான் இருக்கா. அந்த வீட்டுலதான் இருக்கா!"

"எழுதுறேம்மா. இப்பவே எழுதுறேன்."

"எழுதாதீங்க மேடம், போன் பண்ணுங்க!"

போனும் பண்ணினார். அந்தப் பக்கம் எடுத்தவர், எழுத்தில் வரட்டும் என்றார். திருத்தம் தலைமை ஆபீசுக்குப் போனது, அங்கே ஒருவர் லீவில் இருந்தார். மொழிபெயர்ப்பு ஆனது, முத்திரை விழுந்தது. இன்ஸ்பெக்டரம்மா தினமும் ஒவ்வொரு படியாகப் போன் போட்டுக் கெஞ்சினார், சண்டை பிடித்தார். அப்படியும் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்த ஊர் போலீஸ் மறுபடி போய்க் கதவைத் தட்டியபோது வேறு குடும்பம் குடியிருந்தது. போலீஸ் வந்துபோன மறுநாளே மெக்கானிக் கிளம்பியிருந்தான். அவன் காது அப்படி. சத்தம் கேட்டாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு கத்திரியக்கா மேஜைக்கு வந்தாள், வெட்டினாள், மாடிக்குப் போனாள். கட்டுகளில் பக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பாக்கெட் வரவேண்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டாள். எக்ஸ்போர்ட்டம்மா ஒருநாள் டீக் கிளாசை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் அக்கா."

"நீ இன்னும் ஆறு மாசம் முந்தி வந்திருக்கலாம்," என்றாள் கத்திரியக்கா. குற்றம் சொல்வதாக இல்லை, நிஜமாகவே அதை நினைத்துச் சொன்னாள்.

வருஷம் முடிந்த அன்று அண்ணி கடையைத் திறக்கவில்லை. காலண்டரில் அந்தத் தேதியை யாரும் வட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனால் ஒன்பது மெஷின்காரிகளும் கேட்காமலே வேலைக்கு வராமல் இருந்தார்கள்.

பதினான்காம் மாதம் குழந்தை அகப்பட்டாள். அதே நாட்டில், வேறு ஊரில். பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஊசி போட்ட சான்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது மச்சத்தைப் பார்த்த ஒரு நர்சு, அங்கே ஒட்டியிருந்த பழைய மஞ்சள் நோட்டீசையும் திருத்தத்தையும் ஞாபகம் வைத்திருந்தாள். இந்தத் தடவை அந்த நாட்டுப் போலீஸ் மச்சத்தை நம்பவில்லை. கத்திரியக்காவின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுத்தார்கள், அங்கே குழந்தையிடமும் எடுத்தார்கள். பொருந்தியது. மெக்கானிக்கைக் கைது பண்ணி, ஜாமீனில் விட்டார்கள். அங்கே அவன் ஒருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான்.

கோர்ட்டு நான்கு மாதம் இழுத்தது. அவனுடைய வக்கீல் இரண்டு காகிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். ஒன்றில் வலது, இன்னொன்றில் இடது, இரண்டிலும் அம்மாவின் கையெழுத்து. பெற்ற பிள்ளையின் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாத தாய் என்று சொன்னாராம். இங்கிருந்து போன வக்கீல் வெட்டு மேஜையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். அந்த நீதிபதி சட்டையைத் தன்மேல் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை. வருஷம் தாண்டிவிட்டது, குழந்தை வேர் பிடித்துவிட்டாள், பிடுங்க வேண்டாம் என்று தீர்ப்பானது. வாரம் ஒரு தரம் இருபது நிமிஷம் திரையில் பார்த்துப் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் உடன் இருப்பார்.

"மொழிபெயர்ப்பாளர் எதுக்கு மேடம்?" என்றாள் கத்திரியக்கா. "எனக்கும் அவளுக்கும் நடுவுலயா?"

இன்ஸ்பெக்டரம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க போன நாள்லருந்து நம்ம பேச்சைப் பேசக்கூடாதுன்னு வளத்திருக்கான்மா. வாயைத் திறந்தா மாட்டிக்குவோம்னு. மறந்திருச்சு."

முதல் சந்திப்பு ஒரு புதன்கிழமை மத்தியானம், மூன்றாவது மாடியிலேயே. ரைட்டர் தன் கம்ப்யூட்டரை விட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு நாற்காலி போட்டுவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு கட்டம் வந்தது. ஒன்றில் நடுத்தர வயதுப் பெண், மொழிபெயர்ப்பாளர். இன்னொன்றில் பட்டன்.

வளர்ந்திருந்தாள். தோள் ஒரு அங்குலம் அகன்றிருந்தது. முடியை இப்போது வளரவிட்டு நெற்றியில் கத்தரித்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு.

"பட்டனு," என்றாள் கத்திரியக்கா.

குழந்தை மொழிபெயர்ப்பாளரின் கட்டத்தைப் பார்த்தது. அந்த அம்மாள் தயங்கினார். "மன்னிக்கணும், இதை நான் எப்படிச் சொல்லட்டும்?"

"சொல்ல வேணாம்மா. அது அவ பேரு."

அந்த அம்மாள் என்னவோ கேட்டார், குழந்தை தலையை ஆட்டி என்னவோ சொன்னது. "தன் பேரு அது இல்லைங்கிறா" என்றார் அவர்.

"சரி, சரி. சாப்பிட்டியான்னு கேளுங்க."

சாப்பிட்டாளாம். ரொட்டியும் முட்டையும். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதாம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் குழந்தை தானாகவே வாயைத் திறந்து, திரைக்குக் கிட்டே வந்து ஓட்டையைக் காட்டியது. கத்திரியக்காவும் தன்னையறியாமல் திரைக்குக் கிட்டே போனாள். இரண்டு நெற்றியும் கண்ணாடியின் இரண்டு பக்கத்தில் இருந்தன. குழந்தை சிரித்தது. பிறகு என்னவோ கேட்டது.

மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடித்தார்.

"உங்களை என்னன்னு கூப்பிடணும்னு கேக்குறாம்மா."

"அம்மான்னு."

அவர் சொன்னார். குழந்தை நாற்காலிக்குப் பின்னால் இருந்த கையைத் திரும்பிப் பார்த்தது. ஒரு சின்ன வாக்கியம் சொன்னது.

"அம்மா இங்க இருக்காங்களேங்கிறா."

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு, அவளா? அவ சித்தி! அவளைச் சித்தின்னு கூப்பிடச் சொல்லுங்க! பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா..."

"அண்ணி, கத்தாதீங்க. பயந்துக்கிறா பாருங்க."

குழந்தை நிஜமாகவே நாற்காலியில் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை இறங்கி வந்து அதன் தோளில் உட்கார்ந்தது. கத்திரியக்கா அந்தக் கையையே பார்த்தாள். நகத்தை ஒட்ட வெட்டிய, வேலை செய்கிற கை. அதன்மேல் கோபப்பட வேண்டும் என்று தேடிப் பார்த்தாள். இந்த நேரத்தில் அது கிடைக்கவில்லை.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர் மெதுவாக. "கூப்பிட ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. உங்க பேரைச் சொல்லட்டுமா? இல்ல, அத்தைன்னு?"

"அத்தை வேணாம்." அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். அப்பாவின் மூத்த பெண்டாட்டியை இளையவளின் பிள்ளைகள் கூப்பிடுகிற முறை ஒன்று உண்டு. தன் வயிற்றில் பிறந்தவள் தன்னை அப்படிக் கூப்பிடுவதற்குத் தானே வாயைத் திறந்து சம்மதம் சொல்வோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "பெரியம்மான்னு கூப்பிடச் சொல்லுங்க."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் பாஷையில சித்தி, அத்தை, பெரியம்மா எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதாம்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர். "அதையே சொல்லிரட்டுமா?"

"வேணாம்மா. மாத்தாதீங்க. நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க. பெரியம்மா."

அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையிடம் அவர் அதை இரண்டாக உடைத்து, நிறுத்திச் சொன்னார். குழந்தை உதட்டைக் குவித்தது. பல் விழுந்த ஓட்டையில் காற்று போய், முதல் பாதி தடுக்கியது. மறுபடி முயன்றது. "பெ... பெரி..." என்று இழுத்தது. பின்பாதி ஒரு பிசிறில்லாமல் வந்தது, நாலு வயதில் மேஜைக்கு அடியிலிருந்து கூப்பிட்ட மாதிரியே.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றாள் கத்திரியக்கா.